முன்னூற்று நான்காம் அறையில் பால் காய்ச்சிய விவரம்

காக்ஸ் டவுன், பெங்களூர்
செவ்வாய்க்கிழமை காலை

சிரஞ்சீவி ரகுராமுக்கு உன் அப்பா நாராயணசாமி ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் சௌக்கியம். அங்கு நீயும் ஸ்னேஹாவும் அவளுடைய அப்பா அம்மாவும் சௌக்கியம் என்று நீ சொல்லாமலே தெரிகிறது, ஏனென்றால் இந்த ஓட்டலின் மூன்றாம் மாடி ஜன்னலைத் திறந்தால் லிங்கராஜபுரத்தில் உன் அடுக்குமாடியின் தண்ணீர்த் தொட்டி நேரே நிற்கிறது. இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு கடிதம் எதற்கு என்பாய். போன் செய்தால் "மீட்டிங்ல இருக்கேன்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்கிறாய். மேஜை இழுப்பறையில் ஓட்டல்காரர்கள் பேப்பரும் பேனாவும் வைத்திருந்தார்கள், எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் ரூமைப் பற்றி. முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் குப்பை கொட்டியவன் நான். இங்கே ஒரு அட்டையைச் சுவரில் செருகினால்தான் விளக்கு எரியும், அதை எடுத்துக்கொண்டு நான் வெளியே போனால் கரண்டும் கூடவே கிளம்பிவிடுகிறது. குளியலறைக்குச் சுவருக்குப் பதில் கண்ணாடி. கட்டிலில் உட்கார்ந்தால் குளிப்பவர் தெரிவார். கட்டிலில் உட்கார யாரும் இல்லை, ஆனாலும் நான் துண்டைக் கட்டிக்கொண்டே குளிக்கிறேன். டிவியைப் போட்டால் 'வெல்கம் மிஸ்டர் நாராயணசாமி' என்று எழுத்து வருகிறது. இந்த ஊரில் என்னை அப்படி வரவேற்க வேறு ஆள் இல்லாததால் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை அணைத்துப் போடுகிறேன். ரிசப்ஷனில் சுனிதா என்று ஒரு பெண். கீழே போன் போட்டால் "ஊட்ட ஆய்த்தா அங்கிள்?" என்று சாப்பாட்டைத்தான் முதலில் விசாரிப்பாள். அதற்காகவே சோப்பு வேண்டும், சோப்பு வேண்டும் என்று கேட்டு இப்போது ஏழு சோப்பு சேர்ந்துவிட்டது. "உங்களுக்கும் ஒரு பிரைவசி வேணும்லப்பா, அங்க ரெண்டே பெட்ரூம்" என்று சொல்லி நீ என்னை இங்கே இறக்கிவிட்டாய். அறுபத்தாறு வருஷத்தில் யாரும் எனக்குப் பிரைவசி கொடுத்ததில்லை, நானும் கேட்டதில்லை. திடீரென்று மொத்தமாகக் கிடைத்ததும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

விசேஷத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை உன் புது வீட்டில் பால் காய்ச்சினீர்கள். அந்த இண்டக்‌ஷன் அடுப்பு, பால் பொங்கி வழிகிற சமயம் பார்த்துத் தானாக அணைந்துகொண்டது, எல்லோரும் கைதட்டி அதைப் பொங்கியதாகக் கணக்கு வைத்துக்கொண்டார்கள். போகட்டும். ஐயர் கிளம்பும்போது "இன்னிக்கு ராத்திரி வீட்டைப் பூட்டிண்டு போகப்படாது, வீட்டு மனுஷா எல்லாரும் இங்கேயே படுத்துக்கணும்" என்று சொன்னாரே, நினைவிருக்கிறதா? நான் அப்போதே வாணியம்பாடியிலிருந்து கொண்டுவந்த போர்வையைப் பையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சாயந்திரம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தேன். எட்டரை மணிக்கு நீ போனைப் பார்த்தபடியே "அப்பா, கேப் கீழ நிக்குது" என்றாய். உன் மாமனார் மாமியார் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன்.

நேற்று காலை எழுந்து யோசித்தேன். நாமும் புது இடத்துக்குத்தானே வந்திருக்கிறோம், சாஸ்திரத்தை ஏன் விட வேண்டும் என்று தோன்றியது. கீழே கடையில் அரை லிட்டர் பால் பாக்கெட் வாங்கிவந்து, ரூமில் இருந்த கரண்ட் கெட்டிலில் ஊற்றி, கிழக்கே பார்த்து வைத்து, உன் அம்மாவை நினைத்துக்கொண்டு ஸ்விட்சைத் தட்டினேன். உன் அடுப்பு மாதிரி இல்லை, இது நன்றாகவே பொங்கியது. மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கி, மேஜையில் ஓடி, ப்ளக்கில் இறங்கி, மூன்றாம் மாடி முழுவதும் கரண்ட் போய்விட்டது. பக்கத்து ரூம்காரர்கள் லேப்டாப்பும் கையுமாக வெளியே வந்தார்கள். மின்வாரியத்து ஆள் செய்கிற வேலையா இது? ரூம் துடைக்கிற உமேஷ், தலை நரைத்தவர், மாப்போடு ஓடிவந்து "ரூம்ல பால் எதுக்கு சார்?" என்றார். "புதுசா குடி வந்திருக்கேன்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. நான் போய் ட்ரிப் ஆன ஸ்விட்சைத் தேடித் தூக்கிவிட்டேன். மிச்சப் பாலில் சர்க்கரை போட்டு உமேஷ், கரண்ட் போனதென்று மேலே வந்த சுனிதா, நான், மூன்று பேரும் நின்றபடியே குடித்தோம்.

சுனிதா கேட்டாள்: "பையன் வீடு இங்கேயேதான இருக்கு அங்கிள், ஏன் அங்க தங்கல?"

"அவன் வா வான்னுதான் கூப்பிடறான்மா. நான்தான் வேணாம்னுட்டேன்" என்று சொன்னேன். சொல்லிவிட்டு ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். அழுகை வந்தது, ரகு. என்ன செய்வது, வந்துவிட்டது.

ஆகவே நான் நாளைக் காலை ரயிலில் ஊருக்குக் கிளம்புகிறேன். நீ ஸ்டேஷனுக்கு வர வேண்டாம், மீட்டிங் இருக்கும். கண்ணாடிக் குளியலறையும் அட்டைக் கரண்டும் உள்ள இந்த ஊர்ப் பக்கம் இனி தலை வைத்தும் படுப்பதாக இல்லை. ஸ்னேஹாவுக்கு என் ஆசீர்வாதம், சம்பந்திகளுக்கு நமஸ்காரம். புது வீட்டில் நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
நாராயணசாமி

பி.கு.: டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. ஓட்டலைப் பற்றி எழுதியதையெல்லாம் அடித்துவிடு, நல்ல ஓட்டல்தான். உன் ஹாலில் சோபாவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் ஒரு பாய் போட இடம் இருக்கிறது. அன்றைக்கு யாரும் பார்க்காதபோது காலால் அளந்துவிட்டேன், என் நீளத்துக்குச் சரியாக இருக்கும். ஒரே ஒரு ராத்திரி படுத்துவிட்டுப் போய்விடுகிறேன்.