இடம் மாறும் ஓட்டை

திருவனந்தபுரம் மாவட்டத்தில் கூரை ஓட்டையை அடைக்கத் தெரிந்த கொத்தனார்கள் நிறையப் பேர் இருக்கலாம். ஓட்டையை அடைக்காமல் வேறு இடத்துக்கு மாற்றி வைக்கத் தெரிந்த மேதை ஒருவர்தான் பிறந்தார். அவரும் என் தலையில் வந்து விடிந்தார்.

வள்ளியூர்ப் பக்கத்துக்காரர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எதைக் காட்டினாலும் "மாத்திப் போட்டாப் போச்சு" என்பார். அதனால் வித்துரா கடைத்தெருவில் அவர் மாத்தி அண்ணாச்சி. தம்பானூர் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவராகம் வீட்டைப் பூட்டிவிட்டு, வித்துராவுக்கு அப்பால் பசு, கோழி, மிளகுக்கொடி என்று நான் பண்ணை நடத்தப் போனேன். அடுக்களை ஒழுகியது. ஒரு நாள் வேலைக்கு இவரைக் கூப்பிட்டேன். வந்தவர் மோட்டார் ரூமில் பாயை விரித்துத் தங்கியே விட்டார்.

அடுக்களை ஒழுகல் ஒரே காலையில் நின்றது. அசந்துபோனேன். மறுநாள் பார்த்தால் கோழிகள் சொட்டச் சொட்ட நனைந்து என்னை முறைத்துக்கொண்டு நின்றன. கோழிக்கூட்டின் ஓடுகளைத்தான் பிரித்து அடுக்களையில் போட்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி, கோழியெல்லாம் நனையறதே!"

"பேடிக்காதீங்க சாரே. விறகுப்புரைல இருந்து மாத்திப் போட்டாப் போச்சு."

போட்டார். கோழிகள் காய்ந்தன, விறகு நனைந்தது. என் மனைவி ஈர விறகை ஊதி ஊதிக் கண்ணீர் விட்டாள். காரணம் புகையா, என்னைக் கல்யாணம் செய்துகொண்டதா என்று நான் கேட்கவில்லை.

ஓடு மட்டுமா? தொழுவத்துக் கதவின் தாழ்ப்பாள் உடைந்தபோது குளியலறைத் தாழ்ப்பாள் அங்கே குடியேறியது. அன்று முதல் எங்கள் வீட்டில் குளிப்பவர்கள் உரக்கப் பாடிக்கொண்டே குளிக்க வேண்டும். விருந்துக்கு வந்த என் மைத்துனருக்குப் பாட்டு வராது. பாவம், வாய்ப்பாடு சொன்னார்.

புது ஓடு வாங்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். ஜீப் நிறைய வாங்கி வந்தேன். அண்ணாச்சி பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்து, மாப்பிள்ளை வீட்டுக்காரர் போல உதட்டைப் பிதுக்கினார்.

"ரெண்டும் வேற கம்பெனி சாரே. பல்லு சேராது, கேட்டியளா? சம்பந்தம் பண்ணினா முதல் காத்துலயே பிரிஞ்சு வந்திரும்."

பழைய ஓட்டுக் கம்பெனியோ என்றைக்கோ மூடியாகிவிட்டது. புது ஓடுகளை வீட்டிலிருந்து தொழுவம் வரை பாதையாகப் பதித்தார். அதில் நான் வழுக்கி விழுந்தபோது, "புது ஓடுல்லா, பழகணும்" என்று ஆறுதலும் சொன்னார்.

இந்த லட்சணத்தில் இடவப்பாதி என்கிற ஜூன் மாதப் பருவமழைக்குச் சற்று முன்பு, ஒரு பெரிய பலாப்பழம் தொழுவத்துக் கூரையில் விழுந்தது. கீழே நிறைமாதச் சினையாக எங்கள் பசு அம்மிணி நின்றிருந்தாள். போன மழையில் அவள் போட்ட கன்று, அதே தொழுவத்தில் நனைந்து குளிர் கண்டு செத்துப்போனது. அதன் பிறகு பல நாள் அவள் வாலைக்கூட அசைக்காமல் நின்றதைப் பார்த்தவன் நான். 

"தார்ப்பாய் கட்டிடலாமா அண்ணாச்சி?"

"காத்துல அது படபடன்னு அடிக்கும். மாடு மிரளும் சாரே. நீங்க போயிட்டு வாங்க, நான் பாத்துக்கிடுதேன்."

மறுநாள் மருமானின் பூணூலுக்காக நானும் மனைவியும் ஸ்ரீவராகம் போக வேண்டியிருந்தது. அங்கே பாயசம் பரிமாறும்போதே மழை கொட்ட ஆரம்பித்தது. பாயசத்தை வைத்துவிட்டு எழுந்தேன். வழியெல்லாம் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

தொழுவத்துக்குள் ஓடினேன். ஒரு சொட்டு ஈரமில்லை. காய்ந்த வைக்கோலில் ஒரு கிடாரிக்கன்று நான்கு காலையும் நான்கு திசையில் வைத்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்த்தது. அம்மிணி அதை நக்கிக்கொண்டிருந்தாள். அண்ணாச்சி சுவரில் சாய்ந்து பீடி புகைத்துக்கொண்டிருந்தார். 

"அண்ணாச்சி, நீர் மனுஷரே இல்லை, தெய்வம்" என்று சொல்லிவிட்டு, உடை மாற்ற என் அறைக்குப் போனேன்.

என் கட்டிலுக்கு நேர் மேலே வானம் தெரிந்தது. மெத்தை மிதந்தது.

"அண்ணாச்சீ!"

நிதானமாக வந்து எட்டிப் பார்த்தார்.

"சாருக்குக் குடை பிடிக்க அறியும். அம்மிணிக்கு அறியுமா?"

இதற்கு எந்த ஆபீசில் மேல்முறையீடு செய்வது? அந்த மழைக்காலம் முழுவதும் அடுக்களையில் படுத்தேன். என் மனைவி, "உருப்படியா ஒரு வேலை பண்ணியிருக்கார்" என்று அவருக்குக் கூடுதலாக ஒரு தோசை வார்த்துப் போட்டாள்.

இந்த வருஷம் அண்ணாச்சிக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. மகன் வந்து வள்ளியூருக்கு அழைத்துப் போய்விட்டான். நான் எல்லாக் கூரைகளுக்கும் தகரம் போட்டுவிட்டேன். குளியலறைக்குத் தாழ்ப்பாள்கூட வந்துவிட்டது.

நேற்றுதான் இந்த வருஷத்தின் முதல் மழை. அறை அறையாகப் போய் அண்ணாந்து பார்த்தேன். எங்காவது ஒரு சொட்டு விழுந்தால், அண்ணாச்சிக்குப் போன் போட ஒரு சாக்கு கிடைக்குமே.