அப்பா பெயரில் வந்த கார்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் மகளும் சுகம். அங்கு நீங்களும் அத்தையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி, நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். சுற்றி வளைத்தால் எனக்கே தைரியம் போய்விடும்.

“கார் வாங்கியாச்சுன்னு படம் அனுப்பினீங்க. அப்புறம் எதுக்கு எட்டு மாசக் கர்ப்பிணியைப் பஸ்ஸுல ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?” என்று போனில் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. “காகிதம் வரல மாமா” என்றேன். “எந்தக் காகிதம்?” என்றீர்கள். “எங்க அப்பா பேர்ல” என்று நான் ஆரம்பித்ததும் போனை அத்தையிடம் கொடுத்துவிட்டீர்கள். அத்தை ஒன்றுமே பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அதனால்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து கடைசிவரை படியுங்கள்.

கார் என் ஆபீஸ் ஸ்டோர்கீப்பருடையது. ஓய்வு பெற்றுக் கடலோரமாகக் குடிபோகிறவர், போகும்போது எனக்கு விற்றுவிட்டுப் போனார். சாம்பல் நிறம், நான்கு கதவு, உள்ளே ஒரு கீறல் கிடையாது. சாவியைக் கொடுத்துவிட்டுக் கதவை இரண்டு தட்டுத் தட்டி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். மறுநாளே வண்டியை என் பெயருக்கு மாற்ற இந்த நாட்டுப் பதிவு ஆபீசுக்குப் போனேன். விண்ணப்பத்தில் பெயருக்கு ஒரு கட்டம், குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம். நமக்குக் குடும்பப் பெயர் ஏது மாமா, இனிஷியல்தானே? அதைச் சொன்னேன். “ஒரு எழுத்தெல்லாம் பேர் ஆகாது, விரிச்சு எழுதுங்க” என்றார்கள். அப்பா பெயரை விரித்து எழுதினேன். இவர்கள் கம்ப்யூட்டர் என்ன செய்தது தெரியுமா, அப்பா பெயரை முழுசாக வைத்துக்கொண்டு என்னைச் சுருக்கி ஓரெழுத்து ஆக்கியது. அப்பா இத்தனை காலம் என் பெயருக்கு முன்னால் ஓரெழுத்தாக நின்றார், இப்போது அவருக்கு முன்னால் நான். சரி, அதுவும் ஒரு மரியாதைதான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்த ஓரெழுத்தும் அச்சில் விழவில்லை. காருக்குச் சொந்தக்காரர் என் அப்பா ஒருவரே என்று பதிவாகிவிட்டது.

இது எதுவும் எனக்குத் தெரியாது. நான்பாட்டுக்கு வண்டியின் சான்றிதழ் தபாலில் வரும் என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் தபால்காரர் கதவைத் தட்டி, கையில் ஓர் உறையை வைத்துக்கொண்டு, எழுத்துக்கூட்டி அப்பா பெயரைப் படித்து, “இங்க இருக்காரா?” என்று கேட்டார். மாமா, அப்பா போன பிறகு அந்தப் பெயரை முழுசாக யாரும் என் காதுபடச் சொன்னதில்லை. “எங்க அப்பா. இப்ப இல்லீங்க” என்றேன், இந்த ஊர் பாஷையில் எனக்குத் தெரிந்த அளவுக்கு. தபால்காரர் தொப்பியைக் கழற்றி வருத்தம் தெரிவித்துவிட்டு, உறையில் ஏதோ கிறுக்கி, அதை எடுத்துக்கொண்டே போய்விட்டார். காகிதம் வந்த வழியே திரும்பியது. நல்ல மனிதர், அவரைக் குறை சொல்ல மாட்டேன். உங்கள் மகள்தான் உள்ளேயிருந்து வந்து, “என்ன தபால்னு கேட்டீங்களா?” என்றாள். கேட்கவில்லை.

பதிவு ஆபீசுக்கு ஓடினேன். கவுன்டரில் இருந்த இளைஞர் கம்ப்யூட்டரைப் பார்த்து, “இது உங்க வண்டி இல்லையே. சொந்தக்காரரைக் கூட்டிட்டு வாங்க, கையெழுத்துப் போடணும்” என்றார். “அவர் வர முடியாது, இறந்துட்டார்” என்றேன். அவரும் எழுந்து நின்றார். இந்த ஊரில் எல்லோரும் மரியாதை தெரிந்தவர்கள், அதுதான் எனக்கு வினையாக வந்து முடிகிறது. “அப்ப இது வாரிசு கேஸ்” என்று சொல்லி, கையைப் பிடிக்காத குறையாக மாடிக்கு அனுப்பினார். மாடியில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள், மொழிபெயர்ப்போடு. அவருடைய டிரைவிங் லைசென்ஸ் கேட்டார்கள். அப்பா சைக்கிளையே தள்ளிக்கொண்டு நடந்தவர் என்பதை எந்தப் பாஷையில் சொல்லிப் புரியவைப்பது? பிறகு, மற்ற வாரிசுகள் ஆட்சேபம் இல்லை என்று எழுதித் தர வேண்டுமாம். அண்ணனுக்குப் போன் போட்டேன். “அப்பா எப்படா கார் வாங்கினார்?” என்றான். “அவர் வாங்கலண்ணா, நான்தான் வாங்கினேன்.” “அப்புறம் நான் எதுக்குடா கையெழுத்துப் போடணும்?” “அப்பா பேர்ல இருக்கு.” “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அவர்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். அண்ணி இன்றுவரை என் மனைவியிடம் பேசவில்லை.

கடைசியில் உங்கள் மகளே, “வாங்க, நான் வரேன்” என்று கிளம்பினாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. மாடியில் தடித்த கண்ணாடி போட்ட அம்மா ஒருவர் இருந்தார். அவள் வயிற்றைப் பார்த்ததும் எழுந்து, தன் நாற்காலியையே தூக்கிவந்து போட்டார். உங்கள் மகள் என் பாஸ்போர்ட்டைப் பிரித்து வைத்து, இது இவர், இது இவருடைய அப்பா, இந்த எழுத்துதான் அந்தப் பெயர் என்று விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினாள். நான் அத்தனை தடவை நடந்து சொல்ல முடியாததை அவள் உட்கார்ந்த இடத்தில் சொல்லி முடித்தாள். அந்த அம்மா, “உங்க பக்கம் எல்லாரும் அப்பா பேரைச் சுமந்துக்கிட்டா போவீங்க?” என்று கேட்டார். “ஆமாங்க” என்றேன். “நல்லதுதான். எங்க ஆபீசுக்குத்தான் கஷ்டம்” என்றார். அப்பா பெயரில் அச்சாகித் திரும்பி வந்திருந்த சான்றிதழை ரத்து செய்ய எடுத்தார். ஒரு நிமிஷம் வாங்கிப் பார்த்தேன். ‘வாகன உரிமையாளர்’ என்று போட்டு அப்பா பெயர். பஸ் வருமா வராதா என்று கால் கடுக்க நின்றே காலத்தைக் கழித்த மனுஷன். திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை மாமா, கொடுத்தேன். “இனி உங்க பேர்லயே வரும், சீக்கிரம் அனுப்பறோம்” என்றார்.

அந்தச் சீக்கிரம்தான் இன்னும் வரவில்லை. தினமும் ஆபீசிலிருந்து வந்ததும் தபால் பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவிவிட்டுத்தான் படி ஏறுகிறேன். காகிதம் இல்லாமல் வண்டியைத் தெருவில் இறக்கினால் போலீஸ் வண்டியையே பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால்தான் பஸ். உங்கள் மகளைக் கஷ்டப்படுத்துகிறேனே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பிரசவத்துக்கு முன்னால் எப்படியும் அவளை நம் சொந்தக் காரில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன், இது உறுதி.

அத்தைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அடுத்த முறை போனில் இரண்டு வார்த்தை திட்டவாவது சொல்லுங்கள். உங்கள் ஆசி இருந்தால் எந்த ஆபீசும் எங்களை ஒன்றும் செய்ய முடியாது.

என்றும் உங்கள் அன்பை நாடும்,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: அப்பா, நான்தான், உங்கள் மகள். தபாலில் போடச் சொல்லிக் கொடுத்தார், உறையை ஒட்டுவதற்கு முன் இதை எழுதுகிறேன். காகிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. துவைத்து மடித்த துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன், அந்தப் பக்கம் இவர் கை ஒருநாளும் போனதில்லை. இவர் உங்களுக்கு எழுதாத ஒன்று: போன வாரம் கட்டடத்துக்குக் கீழே, வண்டி நிறுத்துகிற இடத்திலேயே, “சும்மா ஒரு சுத்து, ஏறு” என்றார். இங்கே எல்லாம் இடம் மாறி இருக்கிறது, கியர் வலது கைப்பக்கம். இவர் பழக்கதோஷத்தில் இடது கையால் கியர் போடுவதாக நினைத்துக் கதவைத் திறந்துவிட்டார். அதை மூடும் அவசரத்தில் தூண்மேல் போய் மெதுவாக நின்றார். தூணிடம் மன்னிப்பும் கேட்டார். பிள்ளை பிறந்த பிறகு காகிதத்தைக் கொடுக்கிறேன், நிதானமாகப் பழகட்டும். இவரைத் திட்டாதீர்கள். பஸ்ஸில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நான் உட்காரும்வரை டிரைவர் வண்டியை எடுப்பதில்லை. யாரும் என்மேல் இடித்துவிடாமல் இவர் இரண்டு கையையும் வேலி மாதிரி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நின்று வருகிறார். காரில் போனால் அந்த இரண்டு கையும் ஸ்டியரிங்குக்குப் போய்விடும்.