காக்கிச் சட்டைப் பெரும்போர்

வாழ்க, மலைமுகட்டின் தனி வனக்காவலர்! செங்குத்தில் ஏறியும் தளராத முழங்காலர், அட்டைக் கடிக்கு அஞ்சாதவர், மேலதிகாரிக்கு மட்டுமே அஞ்சுபவர், ஒரே ஒரு காக்கிச் சட்டைக்கு உரிமையாளர்! கல்லிலும் கடலிலும் உப்பை அளந்து வைத்த ஆண்டவனே, அவர் புகழ் பாட இந்த நாவுக்கும் ஒரு சிட்டிகை தருவாயாக!

அன்று சீருடைச் சோதனை. ஏற்கெனவே இரண்டு மெமோ வாங்கியவர். மூன்றாவதும் வந்தால் மலையை விட்டு இறக்கி அடிவாரத்து அலுவலக நாற்காலியில் உட்காரவைத்துவிடுவார்கள். வியர்வையில் ஊறிய சட்டையைப் பாறையில் விரித்துவிட்டு அவர் முகம் கழுவத் திரும்பிய நொடியில், மேகத்திரையைக் கிழித்துத் தோன்றினாள் எதிரி: செங்குத்தைச் சமதரையாக மிதிக்கும் குளம்பினள், வளைகொம்பினள், உப்புக்கு ஏங்கும் நாவினள், வரையாட்டுத் தாய்! வந்தவள் சட்டையின் அக்குளை நக்கலானாள்.

காவலர் பாய்ந்து சட்டையின் ஒரு கையைப் பற்றினார். அவள் மறு கையைப் பல்லால் பற்றினாள். இரு பேரரசுகள் ஒரே கோட்டைக் கதவை இழுப்பதுபோல் இழுத்தார்கள்.

"விடாதீங்க மாப்ள! அந்த நாத்தத்துக்கே அது மயங்கி விழுந்துடும்!" என்று அடுப்படியிலிருந்து முழங்கினார் சமையல்காரர், காவலர் மனைவியின் அண்ணன்.

"கிண்டல் பண்ணாம கையைத் தட்டுங்க மச்சான்!"

ஒரு கைதட்டல் போதும், எதிரி மிரண்டு ஓடுவாள், வெற்றி. அப்போதுதான் காவலர் கண்டார்: தாயின் பின்னால், பாறை விளிம்பில், பிறந்து இரண்டு நாளும் ஆகாத குட்டி, நடுங்கும் கால்களில். தாய் மிரண்டு பாய்ந்தால் அதுவும் பாயும், பாய்ந்தால் பள்ளத்தில்தான் விழும்.

"வேணாம் மச்சான், தட்டாதீங்க."

வாளேந்தி வென்றவர் பலர். சட்டையை விட்டுக்கொடுத்து வென்றவர் இவர் ஒருவரே.

அந்நேரம் பார்த்து வந்து சேர்ந்தார் அதிகாரி அம்மையார். ஓட்டைப் பனியனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சட்டை எங்கய்யா?"

"டூட்டியில இருக்கு மேடம்."

காவலர் காட்டிய திசையில் தாயையும் குட்டியையும் கண்ட அம்மையார், மெமோ எழுதத் திறந்த பேனாவை மூடினார். "யாரும் சத்தம் போடக்கூடாது" என்று ஆணையிட்டுப் பாறையில் அமர்ந்தார். முற்றுகையிட்ட சேனைபோல் மூவரும் மூச்சடக்கிக் காத்திருக்க, காலர் முதல் கைமடிப்பு வரை வாரக்கணக்கான வியர்வையை நக்கித் தீர்த்த வீரத்தாய், குட்டியை மெல்ல முட்டி முன்னே விட்டு, மேகத்துக்குள் வெற்றிநடை போட்டாள்.

சட்டையில் இரண்டு பொத்தானைக் காணோம்.