வெளி உபயோகத்துக்கு மட்டும்

அலுவலகச் சுற்றறிக்கையின்படி பாதுகாப்புப் பொறுப்பாளர் என்பவர் ‘விதிகளை ஐயந்திரிபறக் கற்றவர், ஆபத்து வேளையில் பதறாதவர், சக ஊழியரின் உயிரைத் தன்னுயிராகக் கருதுபவர்.’ நம்மவரைத் தேர்ந்தெடுத்த காரணம் வேறு. லேபிளின் பொடியெழுத்தை உரக்கப் படிக்க அவரை விட்டால் ஆள் இல்லை. லேபிள் வாசிப்பவர் என்ற இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள்: பாதியைப் படித்துவிட்டு, மீதியைக் குரலை உயர்த்திச் சமாளிப்பவர்கள்.

ஐந்து லிட்டர் கேனில் சானிடைசர் வந்திறங்கிய அன்று, அதைத் தட்டிப் பார்த்து, மூடியைத் திறந்து முகர்ந்து, இரண்டு முறை தும்மி, பிறகு வாசித்தார்:

“வெளி உபயோகத்துக்கு மட்டும்.”

“மேல பூசிக்கலாம், குடிக்கக் கூடாதுன்னு அர்த்தம் சார்,” என்றாள் வரவேற்பறைப் பெண்.

“எனக்கே தமிழ் சொல்லித் தர்றியாம்மா? வெளின்னா வெளி. உள்ளே வெச்சா விதிமீறல்.”

கேன் வெளியே போயிற்று. வெளியே என்றால் பின்பக்க வராந்தா. வராந்தாவில் டீ போடுகிற அக்காவின் கேஸ் அடுப்பு. ‘எளிதில் தீப்பற்றும், நெருப்பருகே வைக்காதீர்’ என்றும் லேபிளில் இருந்தது. ஆனால் அது இரண்டாவது வரியாயிற்றே!

மறுநாள் மேனேஜர் அறையில் கூட்டம். அடுப்பருகே போன அக்காவை நிறுத்தி, நம்மவர் சானிடைசரை அவர் உள்ளங்கை நிறைய ஊற்றித் தேய்க்கச் சொன்னார்.

“காயட்டும் சார். ஈரக்கை, பத்திக்கும்.”

“கை என்ன துணியா, கொடியில காயப்போட? மேனேஜர் டீ கேட்டு ரெண்டு தடவை ஆள் அனுப்பிட்டார். வேலை வேணுமா, வேண்டாமா?”

வேலை வேண்டும். அக்கா லைட்டரை அழுத்தினார். கண்ணுக்குச் சரியாகத் தெரியாத நீலத் தீ வலக்கையில் மணிக்கட்டுவரை ஏறிற்று. பாத்திரம் கழுவும் வாளித் தண்ணீரில் அக்காவே கையை முக்கி அணைத்தார்.

சிரிக்கிறீர்களா? உங்கள் வீட்டுச் சானிடைசர் இப்போது எதில் இருக்கிறது? பழைய தண்ணீர் பாட்டிலிலா? அதுவும் குழந்தைக்கு எட்டுகிற அலமாரியிலா? கை காய்வதற்குள் அடுப்பைப் பற்றவைத்ததே இல்லையா? லேபிளைக் கடைசி வரிவரை படித்தவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். மற்றவர்கள் நம்மவருக்குப் பங்காளிகள்.

அந்த நேரத்தில் அவர் என்ன செய்தார் என்றுதானே கேட்கிறீர்கள்? விபத்துப் பதிவேட்டை எடுத்துவந்தார். ‘ஊழியர் அறிவுரையை மீறினார்’ என்று எழுதினார். வலக்கை வாளிக்குள் இருந்ததால், அக்காவின் இடக்கைப் பெருவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்.