பிளாஸ்டிக் கதிரையில் எனக்கு வேதம் வேண்டாம்

உ

மட்டக்களப்பு
12.03.2006

பெருமதிப்புக்குரிய மச்சான் இன்னாசித்தம்பி அவர்களுக்கு,

உங்கள் தங்கச்சி மெற்றில்டாவின் புருசன் கந்தப்போடி, காய்ச்சல் தடிமன் ஏதுமில்லாமல், கோபம் மட்டும் மிகுதியாக இருந்து எழுதிக்கொள்வது. திருகோணமலையில் நீங்களும் மதினியும் சுகமாக இருக்க உங்கள் கடவுளை, இனி எனக்கும் கடவுளாகப்போகிறவரை, மன்றாடுகிறேன். மேலே பிள்ளையார் சுழி விழுந்துவிட்டது, கைப்பழக்கம். வெட்டினாலும் குற்றம், விட்டாலும் குற்றம். கிடக்கட்டும்.

இனி வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். கடல் வந்து மெற்றில்டாவைக் கொண்டுபோன பிறகு நான் உங்கள் வேதத்தில் சேர முடிவெடுத்தது உங்களுக்குத் தெரியும். அவள் படுத்திருக்கும் சேமக்காலையில், கல்லறையடியில் நின்று, அவள் சொன்ன செபத்தை, அவள் சொன்ன மாதிரியே ஒருதரம் சொல்லவேண்டும். என் ஆசை அவ்வளவுதான். முப்பத்தொரு வருசம் அந்திக்கு அந்தி அவள் முழங்காலில் நின்று செபமாலை சொல்ல, நான் பக்கத்தில் இருந்து றேடியோவில் செய்தி கேட்டவன். அவளும் பாவம், ஒவ்வொன்றிலும் பாதியைச் சொல்லி, கொஞ்சம் நின்று, பிறகுதான் மறுபாதியைச் சொல்லுவாள். இளைப்பு வருத்தமாக்கும் என்று பரிசாரியிடம் மருந்துகூட வாங்கிக் கொடுத்தேன்.

ஆகவே, உயிர்த்த ஞாயிறுக்கு ஞானஸ்நானம் எடுப்பதென்று அறுபத்துநாலு வயதில் கொப்பியும் கையுமாகப் பங்குக் கோயிலுக்குப் போனேன். கேள்வி பதில் பாடமாக்கவேண்டும், முழங்காலில் நிற்கவேண்டும், பிழைவிட்டால் குட்டு விழும் என்று நினைத்தேன். தந்தது என்ன தெரியுமா மச்சான்? கலர்ப் பென்சில்! புதிதாக வந்த றெஜினோல்ட் சுவாமி, வயது முப்பதும் இராது, கழுத்தில் கிற்றார். என்னைப்போல ஒன்பது பெரியாக்களைப் பிளாஸ்டிக் கதிரையில் வட்டமாக இருத்தி, "மனசுக்குள்ள இருக்கிறதைக் கீறுங்க ஐயா" என்கிறார். மனசுக்குள் இருந்ததைக் கீறியிருந்தால் என்னைப் பொலிசில் கொடுத்திருப்பார். ஒரு தென்னமரம் கீறினேன். "இந்த மரம் தனிய நிக்கிறதால கவலைப்படுதா ஐயா?" என்று கேட்டார். "அதுல தேங்காய்தான் சுவாமி இருக்கு" என்றேன். எல்லாரும் கைதட்டினார்கள்! அகதி முகாமுக்கு வந்த வெள்ளைக்காரரும் இப்படித்தான் கீறச்சொன்னார்கள். அவர்கள் பிஸ்கற்றாவது தந்தார்கள்.

நான் ஆர் மச்சான்? அம்மன் கோயில் தீக்குழியில் பதினொரு வருசம் இறங்கினவன். கும்பிடுகிறதென்றால் கொஞ்சமாவது நோகவேண்டாமா? முழங்காலில் நிற்கப் போனால் சுவாமி கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடிவருகிறார். "கால் நோகும் ஐயா, கடவுள் அதைக் கேக்கல்ல." "அவர் கேக்காட்டியும் நான் குடுப்பன் சுவாமி! எங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கதிரையைப் போடாதங்க!" என்று கத்திவிட்டேன்.

மறுகா ஒரு புதுச் செபப்புத்தகம் நீட்டினார். அதில் மாதா செபம் 'அருள் நிறைந்த' என்று கிடக்குது. மெற்றில்டா 'பிரியதத்தத்தினாலே பூரண' என்றல்லவா சொல்லுவாள்? "ரெண்டும் ஒண்டுதான் ஐயா" என்கிறார். "ஒண்டெண்டா பழசையே தாங்களன்! அவ சொன்னதைத்தான் நான் சொல்லணும்" என்றேன். சிரிக்கிறார் மச்சான், சிரிக்கிறார்! கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தவன்தான், இரண்டு ஞாயிறாகப் போகவில்லை. வகுப்புக்குப் போகாவிட்டால் ஞானஸ்நானமும் இல்லையாம். நீங்கள் முப்பது வருசம் உபதேசியாராக இருந்து எத்தனையோ பேரை வேதத்துக்கு ஆயத்தம் செய்தவர். ஆயரிடம் போய், இந்தச் சுவாமியைக் கிற்றாரோடு சேர்த்து வேறு பங்குக்கு மாற்றச் சொல்லுங்கள்.

மதினிக்கு என் வணக்கம். அர்ச்சியசிஷ்டவர்கள் அனைவரும், அவர்களுக்கு நேரமில்லாதபோது எங்கள் அம்மனும், உங்களைக் காக்க.

இப்படிக்கு,
இன்னமும் ஞானஸ்நானம் எடுக்காத
கந்தப்போடி

பி.கு: ஆயரிடம் போகவேண்டாம். இதை ஒட்டுவதற்கு முதல் சுவாமி வீடு தேடி வந்துவிட்டார். கையில் அட்டை கிழிந்த பழைய செபப்புத்தகம். எந்தக் கன்னியர்மடத்து அலுமாரியில் கிளறினாரோ. இருவரும் முழங்காலில் நின்றோம். அவர் 'பிரியதத்தத்தினாலே' என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "என்ன சுவாமி, உங்களுக்கும் இளைப்போ?" என்றேன். "இல்ல ஐயா, செபமாலை ரெண்டு பக்கமாச் சொல்லுறது. மற்றப் பாதி உங்கட" என்றார்.

முப்பத்தொரு வருசம் மச்சான்! அவள் எனக்காக நின்றிருக்கிறாள். நான் மருந்து வாங்கிக் கொடுத்திருக்கிறேன். மறுபாதியை என் வாய் தானாகச் சொன்னது, ஒரு சொல் பிழையில்லை. அழுதுவிட்டேன். பிறகு எழும்ப ஒண்ணாமல் போய், சுவாமிதான் தூக்கிக் கதிரையில் இருத்தினார். அதில் இருந்துதான் இதை எழுதுகிறேன். பிளாஸ்டிக்தான், ஆனாலும் நல்ல கதிரை.

நாளைக்கு உங்கள் ஊர் ஆயரில்லத்துக்கு வருகிற சுவாமியே இந்தக் கடிதத்தையும் கொண்டுவருகிறார். ஒட்டின பசையும் அவருடையது. நல்ல மீனாக வாங்கிச் சோறு கொடுத்து அனுப்புங்கள். என் கோபம் இனி உங்களோடுதான். ஊரெல்லாம் வேதம் படிப்பித்த மனிசன், மற்றப் பாதி என்னுடையதென்று எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா?