வேலிக்கு மேலால் போன பூச்சிகள்

"இந்த மாதம் முடியமுன்னம் அந்தக் கொய்யாவைத் தறியுங்கோ. இல்லாட்டி நான் தறிப்பன்," என்றாள் ஏரம்புவின் மனைவி அன்னபூரணம்.

எண்பத்துநாலில் மண்கும்பான் பக்கமிருந்து பரவிய வெள்ளைப் பூச்சி, இறுப்பிட்டியில் முதலில் குலசிங்கம் வீட்டுக் கொய்யாவில் ஏறியது. பிறகு வேலி தாண்டி ஏரம்புவின் கொய்யாவுக்கு வந்தது. இப்போது அன்னபூரணத்தின் கத்தரியிலும் மா அப்பினதுபோல் கிடந்தது.

ஏரம்பு பன்னிரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்த மரம் அது. ஊரில் அவர் மனம்விட்டுப் பேசுவதும் அதனோடு மட்டும்தான். வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டது யார் என்ற சண்டையில் குலசிங்கத்தோடு எப்போதோ பேச்சு நின்றுவிட்டது.

"கொஞ்சம் பொறும். நான் வடிவாப் பாத்திட்டன்," என்றார் ஏரம்பு. "சின்னனுகள் அசையாமல் கிடக்குது. பெரிசுகள்தான் ஓடித் திரியுது. அதுகள்தான் தாய்மார். தாயைப் பிடிச்சால் குஞ்சு தானாச் சாகும்."

"ஆர் சொன்னது?"

"இதையும் ஆரும் சொல்லவேணுமே?"

மறுநாள் தொடங்கித் தினமும் விடிய எழுந்து, பெரிய பூச்சிகளைப் பொறுக்கிப் போத்தலில் போட்டார். கொல்லவில்லை. அதைவிட நல்ல யோசனை அவரிடம் இருந்தது. வேலிக்கு மேலால் எட்டி, குலசிங்கத்தின் கொய்யாவில் கொட்டினார்.

"உன்ர சாமான். நீயே வைச்சிரு."

பெரிசுகள் குறையக் குறையச் சின்னன்கள் பெருகின. செவ்வரத்தைச் செடி வெளுத்தது. பப்பாசி வெளுத்தது. ஏரம்பு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, இன்னும் கவனமாக, ஒன்றும் விடாமல் பொறுக்கினார்.

"இஞ்சருங்கோ, அங்கால மரம் தளிர்க்குது. என்ன மருந்தெண்டு கேளுங்கோவன்."

"குலசிங்கத்திட்டையோ? அதுக்கு நான் மரத்தைத் தறிப்பன்!"

"அதைத்தானே நானும் சொல்லுறன்."

மாதம் முடிந்தது. தறித்தார். கோடரியை வேலியில் சாத்திவிட்டு, விழுந்த கொப்புகளை இழுத்து ஒதுக்கினார்.

வேலிக்கு மேலால் குலசிங்கத்தின் மனைவி இரஞ்சிதத்தின் தலை தெரிந்தது.

"ஐயோ அண்ணை! அந்தப் பெரிய பூச்சியள்தான் சின்னனைத் தின்னிறதெண்டு விவசாயப் போதனாசிரியர் வந்து சொல்லித்தானே எங்களுக்கே தெரியும்! உங்கட மரம் செத்தாலும் பரவாயில்லையெண்டு, ஒவ்வொரு நாளும் விடிய எழும்பி எல்லாத்தையும் எங்கட மரத்துக்குத் தந்தனீங்களே... இப்பிடியொரு மனுசனோடையோ கதையாமல் இருந்தனானெண்டு இவர் குசினிக்குள்ளை இருந்து அழுறார்!"