ரியோஹா அண்ணையின் ஊர்

சுவிட்சர்லாந்துக்கு வந்த யாழ்ப்பாணத்துக்காரர்களில் ஸ்பெயினை நினைத்து ஏங்கிய ஒரே மனிதர் எங்கள் ரியோஹா அண்ணைதான். இதை நான் நாங்கள் குடியிருக்கும் லாங்கன்தால் நகரத்து ரயில் நிலையத்தின் நடுவில் நின்று சத்தியம் பண்ணிச் சொல்வேன். மற்றவர்கள் கனடாவை நினைத்தார்கள், லண்டனை நினைத்தார்கள், வட்டி குறைந்த வீட்டுக் கடனை நினைத்தார்கள். இவர் மட்டும் தன் கால் ஒருநாளும் படாத ஒரு ஸ்பானியக் கிராமத்தை நினைத்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தார்.

ரியோஹா என்பது வடக்கு ஸ்பெயினில் வைனுக்குப் பேர்போன பகுதி. அண்ணையின் சொந்தப் பெயர் அவருடைய தபால்பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனிக்கட்டையாக இருந்தார். நான் இரண்டாம் மாடி. கீழே பொதுச் சலவை அறையில் என் முறை வருகிற நாளை மனப்பாடம் செய்து வைத்திருப்பார். இயந்திரம் சுற்றி முடிகிறவரை நான் எங்கும் ஓட முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

"பிள்ளை, பிரெஞ்சுக்காரன் என்ன செய்யிறான்? நல்ல வைனை இளசா வித்துப்போட்டு, கொண்டுபோய்ப் பத்து வருசம் வைச்சுக் குடி எண்டுறான். ஸ்பானியன் அப்பிடியில்லை. தானே மரப்பீப்பாவில விட்டு, பிறகு போத்தில்ல விட்டு, பாத்திருந்து, பழுத்த பிறகுதான் கடைக்கு அனுப்புறான். விலையும் அதில அரைவாசி. வாழைக்காயைத் தந்து பழுக்கவை எண்டுறவனும், பழமாத் தாறவனும் ஒண்டோ?"

"இல்லை அண்ணை."

"பிறகேன் சனம் அவன்ரயை வாங்குது?"

எனக்கு வைனும் தெரியாது, சனத்தின் மனசும் தெரியாது. ஆனால் ஒரு சொட்டு மதுவும் தொடாத நான், கிரியான்சாவுக்கும் ரெசெர்வாவுக்கும் என்ன வித்தியாசம் என்று இன்றைக்கு நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். முன்னது கொஞ்சக் காலம் காத்திருந்த வைன். பின்னது அதைவிடக் கூடக் காத்திருந்த வைன்.

இந்த வியாதி அவருக்குத் தொற்றியது ஒரு சமையலறையில். அகதியாக வந்த புதிதில், லாங்கன்தாலிலேயே ஸ்பானியத் தொழிலாளர்கள் கூடும் ஒரு கிளப்பில் கோப்பை கழுவுகிற வேலை கிடைத்தது. அங்கே சமையற்காரர் பாக்கோ. அண்ணை ஜெர்மனுக்கு முன்னர் ஸ்பானிஷ் பழகியது அவரிடம்தான். ஞாயிறு மாலையில் கிளப்பைப் பூட்டிவிட்டு ஸ்பானியர்கள் பாக்கோவின் ஊர் வைனைத் திறந்து வைத்துக்கொண்டு, ஊர்க்கதை கதைத்துக் கதைத்துக் கடைசியில் அழுவார்களாம். இவரும் உருளைக்கிழங்கு உரித்தபடி பக்கத்தில் இருப்பார். அப்போது யாழ்ப்பாணத்திலிருந்து வந்த செய்திகளைச் சொல்லி அழ அவருக்கு மனமும் வரவில்லை, மொழியும் வரவில்லை. அதனால் அவர்களுடைய ஊருக்கு அவர்களோடு சேர்ந்து அழுதிருக்கிறார். வருடக்கணக்கில் அழுததில் அது அவருடைய ஊராகவே ஆகிவிட்டது.

பாக்கோ ஓய்வு பெற்று ஊருக்குப் போனார். கிளப்பும் மூடப்பட்டது. அதன் பிறகு அண்ணைக்கு மிஞ்சியது கடையில் ஸ்பானிய வைன் அடுக்கியிருக்கும் தட்டும், ஞாயிற்றுக்கிழமைகளில் பாக்கோவோடு பேசுகிற தொலைபேசியும்தான். பேசி முடித்துவிட்டு மாடிப்படியில் இறங்கி வருவார்.

"எங்கட சேர்ச் கோபுரத்தில இந்த முறையும் நாரை கூடு கட்டியிருக்காம் பிள்ளை."

முருகன் கோயில் தேரன்று காவடி எடுக்கிற மனிதர், வாய் கூசாமல் "எங்கட சேர்ச்" என்பார்.

அவரோடு விசேஷங்களுக்குப் போவது தனிச் சோதனை. ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டுக்கு, துவாயில் சுற்றிய கண்ணாடிக் கிளாஸும் தன்னுடைய திறப்பானும் ஒரு போத்தல் ரெசெர்வாவுமாக வந்து இறங்கினார். ஆட்டிறைச்சிக் கறிக்கு விஸ்கி குடிப்பது ஆட்டுக்குச் செய்கிற துரோகம் என்று மேசை மேசையாகப் போய் விளக்கினார். கடைசியில் ஒரு தம்பி மனமிரங்கி, "கொஞ்சம் விடுங்கோ அண்ணை" என்று கிளாஸை நீட்டினான். அண்ணை கண் கலங்க வார்த்தார். தம்பி அதற்குள் கொக்கக்கோலாவை நுரைக்க நுரைக்க ஊற்றினான். அண்ணை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் அமர்ந்துவிட்டார். மணவறையில் இருந்த பிள்ளையே பயந்துபோய் எட்டிப் பார்த்தது.

ஆறுதல் தேடி அடுத்த நாள் பாக்கோவிடம் முறையிட்டிருக்கிறார். பாக்கோ விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, ஸ்பெயினிலும் இளம் பெடியள் அப்படித்தான் கலந்து குடிக்கிறார்கள் என்றாராம். அந்தக் கிழமை முழுக்க அண்ணை ஒருவரோடும் முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. என் உடுப்புகள் முதல்தடவையாக நிம்மதியாகக் காய்ந்தன.

"இவ்வளவு ஆசையிருந்தால் ஒருக்கால் போட்டு வாங்கோவன் அண்ணை" என்று கேட்காதவர் இல்லை. அங்கேதான் சிக்கல். அவரிடம் பாஸ்போர்ட் கிடையாது. ஊரைவிட்டுத் துரத்திய அரசிடமே போய்ப் பாஸ்போர்ட் கேட்டு நிற்கமாட்டேன் என்று ஒரு வைராக்கியம். சுவிஸ் பாஸ்போர்ட் கிடைத்தால்தான் பயணம்.

"பஸ்ஸில ஏறிப் போனால் எல்லையில ஆர் அண்ணை மறிக்கப் போகினம்?" என்றேன் ஒருநாள்.

முகம் மாறிவிட்டது. "ஒரு நாட்டுக்குள்ள களவா வந்தது காணும் பிள்ளை. லொறிக்குள்ள ஒளிச்சிருந்து வந்தனான். அந்த ஊருக்குள்ள எண்டாலும் பகல்வெளிச்சத்தில, பேரைச் சொல்லிப் போகவேணும்."



பிரஜாவுரிமைக்கு விண்ணப்பித்தார். நேர்முகத்துக்குக் கோட்டு சூட்டோடு போனவர் திரும்பி வந்த நடையிலேயே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது.

"சுவிட்சர்லாந்தில உங்களுக்கு ஆகக் கூடப் பிடிச்சது என்ன எண்டு அங்க இருந்த அதிகாரி அம்மா கேட்டா. நான் உள்ளதைச் சொன்னன்."

"என்ன சொன்னியள்?"

"இஞ்ச ஸ்பானிய வைன் மலிவு எண்டு."

"ஐயோ! அதோட நிப்பாட்டினியளோ?"

"இல்லை. ஒரு சுவிஸ் வைனுக்குக் குடுக்கிற காசுக்கு அதில ரெண்டு வாங்கலாம் எண்டும் விளங்கப்படுத்தினன். வாழைக்காய்க் கதைக்கு என்ர ஜெர்மன் காணாது. அதாலை பாதியில ஸ்பானிஷுக்கு மாறிட்டன்."

ஜெர்மன் போதாது, பழகிக்கொண்டு மறுபடி வாருங்கள் என்று பதில் வந்தது. வைனைச் சொன்னதில்தான் கோபம் என்று அண்ணை கடைசிவரை சாதித்தார். ஆனால் அன்றைக்கு மாடிப்படியிலேயே அமர்ந்து, தன் பாட்டில் சொல்வதுபோலச் சொன்னார்: "பாக்கோவுக்கும் வயசு போகுது. ஒவ்வொரு திராட்சை வெட்டுக்கும் வா வா எண்டுறான். எத்தினை வெட்டுக்குத்தான் எனக்காகப் பாத்திருப்பான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடுத்த நாளிலிருந்து சலவை அறையில் நான் ஆசிரியை, அவர் மாணவர். இயந்திரம் முடிகிறவரைக்கும் அவர் இப்போது ஓட முடியாது. "ஆகக் கூடப் பிடிச்சது என்ன?" என்பேன். பல்லைக் கடித்துக்கொண்டு, கசாயம் குடித்த முகத்தோடு ஜெர்மனில் "மலைகள்" என்பார்.

இரண்டாம் தடவையும் அதே அம்மா, அதே கேள்வி. அண்ணை "மலைகள்" என்றார். எந்த மலைக்குப் போவீர்கள் என்று அந்த அம்மா திருப்பிக் கேட்பார் என்பது எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

"போறதில்லை. பல்கனியில நிண்டு பாப்பன். செலவில்லை எண்டன் பிள்ளை" என்றார் வந்து. இருந்தவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்களாம். காசு விஷயத்தில் இவர் எப்போதோ சுவிஸ்காரர் ஆகிவிட்டார் என்று நினைத்திருப்பார்கள். பிரஜாவுரிமை கிடைத்தது.

பாஸ்போர்ட் கைக்கு வந்த அன்று பாக்கோவை அழைத்தார். பேசிவிட்டு இடி விழுந்தவர்போல இறங்கி வந்தார்.

"வரேக்குள்ள சுவிஸ் வெள்ளை வைன் கொண்டுவரட்டாம். அங்க கிடைக்காதாம். நினைச்சு நினைச்சு நாக்கு ஊறுதாம். ரியோஹாவுக்குச் சுவிஸ் வைன் காவிக்கொண்டு போக என்னைவிட வேற ஆள் கிடைக்கேல்லையோ?"

வாங்கித் தர வேண்டியது நான். அவர் வாங்குவதைக் கடையில் யாராவது கண்டால் மானம் போய்விடுமாம். இரண்டு போத்தலோடு காசு கட்ட நின்றபோது, பின்னால் கோயிலில் பூ கட்டுகிற மாமி.

"என்ன பிள்ளை இது?"

"ஸ்பெயினுக்கு அனுப்ப மாமி."

"ஏன், ஸ்பெயினில வைன் இல்லையோ?"



போய்ச் சேர்ந்து வீடியோவில் அழைத்தார். கொடிப்பந்தலின் கீழே இரண்டு கிழவர்கள். பாக்கோ சுவிஸ் வைனைக் கையில் வைத்துக்கொண்டு, லாங்கன்தாலில் காலையில் இன்னும் மூடுபனி வருகிறதா, ஸ்டேஷனுக்கு முன்னால் இருந்த பேக்கரி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கேட்கக் கேட்க அழுதார். "பாத்தியோ பிள்ளை, இவனுக்கு இப்ப எங்கட லாங்கன்தால் வேணுமாம்" என்றார் அண்ணை. அவர் கண்ணும் நனைந்திருந்தது.

"உங்கட வைன் எப்பிடி அண்ணை?" என்றேன், ஒரு நீண்ட பிரசங்கத்துக்கு ஆயத்தமாக.

"நல்லாயிருக்கு" என்றார். அவ்வளவுதான். கிளாஸைச் சரித்து வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இஞ்ச இருந்து குடிக்கேக்குள்ள விலை ஒண்டும் ஞாபகம் வரேல்லை" என்றார்.

திராட்சை வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்று போனவர். அவர் இல்லாமல் இந்தக் கட்டடம் எனக்கு வெறிச்சென்று கிடக்கிறது. சலவை அறையில் இயந்திரம் சுற்றும்போதெல்லாம் வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிறு பொறுக்க முடியாமல், "எப்ப அண்ணை வாறியள்?" என்று கேட்டேன்.

"வெட்டு இன்னும் முடியேல்லை பிள்ளை."

யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே கொடியில் ஒரு பழம்கூட மிஞ்சியிருக்காது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும்.

"ஓம் அண்ணை" என்றேன். "ஆறுதலா முடிச்சுப்போட்டு வாங்கோ."